மேலூருக்குப் போன பீரோ

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி ஆய்வகத்துக் கயல்விழி கேட்டாள். ரெசின் சமைப்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை அவள் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவாள். நான் ஒரு பீரோவைப் பற்றி எழுதுகிறேன். இதில் நான் ஒழுங்காக நடந்துகொண்ட இடங்கள் குறைவு. ஒழுங்காக நடந்துகொண்ட கதைகளை என் பணி நிறைவு விழாவில் மற்றவர்கள் போதுமான அளவு பேசிவிட்டார்கள். அன்று மாலையும் கழுத்துமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வேறு துறையிலிருந்து வந்தவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெயிண்டுக்கு நிறம் கொடுக்கும் பொடி தானாகக் கலந்து நிற்காது. கட்டி கட்டியாகச் சேர்ந்து அடியில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு துகளையும் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளப் பிசின் போன்ற ஒரு ரெசின் வேண்டும். அதுதான் நம் சரக்கு. என் காலத்தில் பெரும்பாலும் அதைத் தின்னரில்தான் கரைத்தோம். பெயிண்ட் அடித்ததும் தின்னர் ஆவியாகி, அடிக்கிறவரின் நெஞ்சுக்குள் போகும். பட்டறைகளில் சாயங்காலமானால் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடும் ஆட்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதனால் தண்ணீரில் கரைகிற, ஆவி குறைந்த ரெசின் ஒன்றைச் செய்ய இறங்கினோம். முழு மனதோடு நான் செய்த வேலை என்றால் அதுதான்.

அதை முதலில் வாங்கிப் பார்க்கத் துணிந்தவர் ஜமால் அண்ணன். தெற்குவாசல் பக்கம் அவருக்கு இரும்பு பீரோ பட்டறை. அவருடைய அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணச் சீரோடு போகிற பீரோக்களில் பாதி அங்கிருந்துதான் போகும் என்று அவர் பெருமையாகச் சொல்வார். பட்டறையில் ரெசினோடு நிறப்பொடியைக் கலந்து பெயிண்ட் அடித்து, ஓவனில் வைத்துச் சுட்டெடுப்பவர் அவருடைய தம்பி. தம்பிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

"மேடம், நிறம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல. அவன் நெஞ்சு நல்லாருக்கணும்" என்று சொல்லித்தான் முதல் டிரம்மை ஏற்றிக்கொண்டு போனார்.

ஓராண்டு நன்றாகப் போயிற்று. தம்பிக்கு இருமல் குறைந்தது. பீரோவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் பெயிண்ட் நெடி இல்லையென்று வாடிக்கையாளர்களும் சொன்னார்களாம். அதற்குள் எனக்கு ஒன்று நடந்திருந்தது.

கொரோனா காய்ச்சலில் எல்லோரையும்போல எனக்கும் வாசம் தெரியாமல் போனது. எல்லோருக்கும் திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை. டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "ஏற்கெனவே பாதி போயிருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றார். காய்ச்சலாலா, முப்பது வருடத் தின்னராலா என்று அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கும் அது முக்கியமாகப் படவில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

ஏன் அவ்வளவு வெட்கப்பட்டேன் என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கே முழுதாகப் புரியவில்லை. கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். அதில் வெட்கமில்லை. ஆனால் ஒருநாள் என் நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தபோது ஊசிப்போன சாம்பாரைப் பரிமாறிவிட்டேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, மோரை ஊற்றிக்கொண்டார். அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன். வீட்டிலேயே அப்படியென்றால், ஆவி குறைந்த, வாசம் குறைந்த ரெசினுக்குத் தலைமை தாங்குகிற ஆளுக்கு மூக்கில்லை என்று ஆய்வகத்தில் எப்படிச் சொல்வது? ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் இருந்தது. ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். "சொல்லித் தொலையேன். வேலையவிட்டா தூக்கிருவாங்க?" என்பார். கேட்டுக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு தடவை சமைக்கும் சரக்கும் வெளியே போவதற்கு முன் மூன்று பேர் மோந்து பார்க்க வேண்டும் என்பது நானே வைத்த வழக்கம். மூவரில் ஒருத்தி நான். ஜாடியைத் திறந்ததும், "முதல்ல நீ சொல்லு" என்று கயல்விழி பக்கம் நகர்த்திவிடுவேன். அவள் முகம் சுளிக்கிறாளா, நிமிர்கிறாளா என்று பார்ப்பேன். பிறகு நானும் மூக்கை வைத்து அதையே வேறு வார்த்தையில் சொல்வேன். இளையவர்களைப் பேச விடுகிறார், தன் கருத்தைத் திணிப்பதில்லை என்று அதற்கு எனக்கு நல்ல பெயர். விழாவிலும் அதைத்தான் பேசினார்கள். உண்மை இதுதான்.

ஒரு தை மாதத்துக்கு முன்னால் கொள்முதல் பிரிவிலிருந்து போன் வந்தது. இந்த ரெசின் தண்ணீரில் கரைவதற்கு அமீன் என்றொரு பொருளைக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். வழக்கமான அமீன் கிடைக்கவில்லை, வேறொன்று கைவசம் இருக்கிறது, போடலாமா என்று கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆவியின் அளவு வரம்புக்குள்தான் இருந்தது. "போடுங்க" என்றேன்.

சரக்கு தயாரான அன்று கயல்விழி தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள். மூன்றாவது ஆளுக்குக் கடும் ஜலதோஷம். ஜமால் அண்ணனுக்கு முகூர்த்த மாதத்து வேலை குவிந்து கிடந்தது. அவருடைய வண்டி வாசலில் நின்றது. ஜாடியைத் திறந்து மூக்கை வைத்தேன். எப்போதும்போல ஒன்றுமில்லை. கருவி காட்டிய எண் சரியாக இருந்தது. பக்கத்துப் பிரிவிலிருந்து யாரையாவது கூப்பிட்டு ஒரு தடவை மோந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால், "ஏன் மேடம், நீங்க பாத்தாச்சுல்ல?" என்று கேட்பார்களே என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இதோடு நின்றிருந்தால் இதை ஒரு தவறு என்று மட்டும் சொல்லியிருப்பேன். சில நாள் கழித்து ஜமால் அண்ணன் போன் செய்தார்.

"மேடம், இந்தத் தடவை சரக்குல லேசா ஒரு கவுச்சி வாடை வருதுன்னு தம்பி சொல்றான். பட்டறையில தகடு தொடைக்கிற தின்னரும் பூசுற பட்டியும் நாறுற நாத்தத்துல எனக்கு ஒண்ணும் பிடிபடல. அவன் கருவாடு மாதிரிங்கிறான். அடிக்கட்டுமா, நிப்பாட்டவா?"

ஒரு டிரம்மைத் திறந்து யாரிடமாவது காட்டியிருந்தால் போதும். சில வகை அமீன்கள் கவுச்சி வாடை அடிக்கும் என்பது கல்லூரியில் படித்த பாடம். ஆனால் அதை விசாரித்தால் என் மூக்கையும் விசாரிப்பார்கள். "புதுச் சரக்கு அண்ணே, அப்படித்தான் இருக்கும். ஓவன்ல சுட்டு எடுத்தா போயிரும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி மேடம்" என்று வைத்துவிட்டார்.

கல்யாணங்கள் நடந்தன. பீரோக்கள் போயின. தை முடிகிற நேரத்தில் அவர் மறுபடி கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது. மேலூரில் ஒரு வீட்டில் பீரோ நாறுகிறது, பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் பேச்சு முற்றிவிட்டது, ஒருமுறை நேரில் வந்து பார்க்க முடியுமா என்றார்.

கம்பெனி காரில் போனோம். மாட்டுத்தாவணியைத் தாண்டினோம். அதன்பிறகுதான் ஜமால் அண்ணன் விவரம் சொன்னார். பெண்ணின் பெயர் ரம்யா. அவளுடைய அப்பா பெரியகருப்பன் மேலூருக்குப் பக்கத்தில் விவசாயம். பட்டறைக்குத் தானே வந்து, தகட்டைத் தட்டித் தட்டிப் பார்த்து, மகளுக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் சொல்லிச் செய்து வாங்கிய பீரோ. கல்யாணம் முடிந்து அதில் பட்டுச் சேலைகளை அடுக்கி மூடியிருக்கிறார்கள். சில நாள் கழித்து, மாப்பிள்ளை வீட்டு உறவில் ஒரு காதுகுத்துக்குப் போக அதிலிருந்து சேலையெடுத்துக் கட்டியிருக்கிறாள். பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்கள்.

"மீன் கடையில கிடந்த பழைய பீரோவுக்கு பெயிண்ட் அடிச்சு ஏமாத்திட்டாங்கன்னு மாப்பிள்ளையோட அம்மா ஊரெல்லாம் சொல்லுதாம்" என்றார் ஜமால் அண்ணன். "எங்க அத்தா காலத்துல இருந்து இப்படி ஒரு பேச்சு வாங்குனதில்ல மேடம்."

மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல் கம்புகள் இன்னும் பிடுங்காமல் நின்றன. பெரியகருப்பன் உள்ளே வராமல், வாசல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துண்டை மடியில் போட்டுக் கைகளை அதன்மேல் வைத்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து கும்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மா எங்களை அறைக்குக் கூட்டிப்போனார். ரம்யா கதவோரம் நின்றாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும்.

ஜமால் அண்ணன் பீரோவைத் திறந்தார். அவர் முதுகு எனக்கு மறைத்தது. யார் முகமும் தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்ற பதற்றத்தில், "பெரிசா ஒண்ணும் வாடை இல்லையே" என்றேன்.

ஜமால் அண்ணன் திரும்பினார். கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தார். ரம்யா சேலைத் தலைப்பால் வாயையும் மூக்கையும் மூடியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, வீடு பூராம் இம்புட்டு நாத்தம் நாறுது, ஒண்ணுமில்லங்கிறீகளே! உங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

அவர் கோபத்தில் கேட்டார். எனக்குக் காது சுட்டது. நேரம் கிடைக்கட்டும் என்று பீரோவுக்குள் தலையை விட்டு, பரிசோதிப்பதுபோல நின்றேன். உள்ளே இருட்டாக இருந்தது. பட்டுச் சேலையின் ஜரிகை கன்னத்தில் பட்டது. மூலைகளைத் தொட்டுப் பார்த்தேன். பெயிண்ட் தடிமனாகத் தேங்கியிருந்த இடங்களில் அமீன் சிக்கிக்கொண்டு, கதவை மூடியதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கிறது. எடை போட்டால் ஒன்றுமில்லாத அளவுதான். மனிதர் மூக்குக்கு அந்த ஒன்றுமில்லாத அளவே போதும். எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெளியே தலையை எடுத்தேன்.

"ஆமா, கொஞ்சம் இருக்கு" என்றேன்.

"கொஞ்சமா!" என்றவர் வாசல் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சம்மந்தி, இங்க வாங்க. மூணு பேரும் சேர்ந்து சொல்லுங்க. புதுசா, பழசா?"

பெரியகருப்பன் அறை வாசலில் வந்து நின்றார். சம்பந்தியம்மாவைப் பார்க்கவில்லை. ஜமால் அண்ணனைப் பார்த்தார். "பாய், என் மக வாழ வந்த வீடு. உள்ளதச் சொல்லுங்க. பழசா?"

ஜமால் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய இடம் அது. எங்கள் சரக்கில் வந்த குறை என்று ஒரு வரி. அதைச் சொன்னால், அனுப்பும்போது பார்க்கவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி நேராக என் மூக்கில் வந்து நிற்கும்.

"பீரோ புதுசுதான்" என்றேன். "ஓவன்ல சூடு சரியா ஏறல போல. நல்லா வேகாம விட்டா இப்படி வாடை நிக்கும்."

உங்களில் யாரும் இப்படி ஒரு வாக்கியத்தைத் திட்டம் போட்டுச் சொல்ல மாட்டீர்கள். நானும் திட்டம் போடவில்லை. வாய் திறந்தபோது அதுதான் வந்தது. அதில் பொய் என்று தனியாகப் பிடிக்க ஒன்றுமில்லாததுபோலவும் இருந்தது. ஓவனில் இன்னும் சூடு வைத்திருந்தால் கொஞ்சம் குறைந்திருக்குமே என்று எனக்குள்ளேயே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஜமால் அண்ணன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரிங்கம்மா. என் பட்டறையில நடந்த தப்புதான். இதை நான் எடுத்துக்கிறேன். வேற பீரோ செஞ்சு நானே கொண்டுவந்து இறக்குறேன்" என்றார். பெரியகருப்பனிடம் திரும்பி, "மன்னிச்சுக்கங்க" என்றார்.

"வேகாத பீரோவைக் கல்யாணச் சீருக்குக் குடுப்பீகளா பாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் மறுபடி வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரும்பும்போது கார் ஒத்தக்கடையை நெருங்கியது. ஜமால் அண்ணன் டிரைவரிடம், "தம்பி, ஒரு டீ குடிச்சிட்டு வாப்பா" என்று வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். டிரைவர் இறங்கியதும் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"ஓவன் சரியாத்தான் இருந்துச்சு மேடம்."

"தெரியும் அண்ணே."

"அந்த பீரோவுக்குள்ள நான் மூக்கை வச்சேன். எனக்கு வாந்தி வந்துச்சு. நீங்க தலைய உள்ள விட்டு அம்புட்டு நேரம் நின்னீங்க. முகத்துல ஒரு சுளிப்பு இல்ல." இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வாசமே தெரியாதா?"

இரண்டு வருடமாக வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை, "தெரியாது" என்று ஒரே சொல்லில் சொன்னேன். கண்ணீர் வந்தது. அவர் ஆறுதல் சொல்லவில்லை.

"மூக்கு போனதுக்கு நீங்க என்ன செய்வீங்க? அது அல்லா செஞ்சது. நான் போன் போட்டுக் கேட்டேன் பாருங்க, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். இன்னைக்கு அந்த மனுசன் என்னயப் பாத்துக் கேட்டப்ப சொல்லியிருக்கலாம். ஓவன் மேல போட்டது நீங்கதானே மேடம். அதுக்கு மூக்கு வேணாமே."

"இப்பவே திரும்பிப் போவோம் அண்ணே. நான் சொல்லிடுறேன்."

"வேணாம். இப்பப் போனா, நான் மிரட்டிக் கூட்டிட்டு வந்து சொல்ல வச்ச மாதிரி இருக்கும். உங்களுக்கா எப்பத் தோணுதோ அப்பப் போங்க. நான் வரல."

மறுநாள் காலையில் ஆய்வகத்தில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. கயல்விழி அந்தச் சரக்கின் மிச்ச ஜாடியை எடுத்துத் திறந்தாள். உடனே மூடி, கையை நீட்டித் தள்ளி வைத்தாள். "இதையா மேடம் அனுப்புனோம்?" என்றாள். அனுப்பினோம் என்று தன்னையும் சேர்த்துச் சொன்னாளே, அது என்னைக் குத்தியது.

மேலாளரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரக்கைத் திரும்ப எடுத்துக்கலாம், வேற சரக்கு குடுக்கலாம். ஆனா அந்த வீட்ல போய் இதைச் சொல்லணுமா? பீரோக்காரரே ஒத்துக்கிட்டாரு. அதோட விட்ருங்களேன். கம்பெனி பேரு இருக்கு" என்றார்.

முந்தைய நாள் என்றால் அதற்காக அவருக்கு நன்றி சொல்லியிருப்பேன். "அவர் ஒத்துக்கிட்டது என் தப்பை சார்" என்றேன். "அப்ப லீவு போட்டுட்டுப் போங்க. கம்பெனி சார்பா போகாதீங்க" என்றார்.

அன்றைக்கே பெரியகருப்பனுக்குப் போன் செய்து அவரையும் மகள் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, கம்பெனி இருக்கும் திருமங்கலத்திலிருந்து பஸ் மாறி மேலூர் போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். போய் நின்றதும் ஒன்றும் நினைவில்லை. பீரோவை ஜமால் அண்ணன் ஏற்றிப் போயிருந்தார். அது இருந்த இடத்தில் சேலைகளைக் கயிற்றில் காயப் போட்டிருந்தார்கள்.

"ஜமால் அண்ணன் மேல தப்பில்ல. ஓவன் மேல தப்பில்ல. பெயிண்டுக்குள்ள போன சரக்கு எங்களோடது. அனுப்பும்போது பாத்தது நான். எனக்கு வாசம் தெரியாது. அதை மறைச்சு அனுப்பிட்டேன். நேத்து உங்க முன்னாடி அவர் மேல பழியப் போட்டுட்டேன்" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா நம்பவில்லை. "வாசம் தெரியாத ஆளை எவன் பெயிண்டு கம்பெனில வச்சிருப்பான்? பாயி சொல்லி அனுப்பினாரா?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "கண்ண மூடுங்க" என்றார்.

மூடினேன். அந்த வயதில், முன்பின் தெரியாத ஒரு வீட்டின் நடுக்கூடத்தில், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவர் அடுப்படிக்குப் போய்வரும் சத்தம் கேட்டது. ஒரு டப்பா மூடி திறந்தது. "இது என்ன?" காப்பித்தூள் டப்பாவாக இருக்கும் என்று சத்தத்தை வைத்து ஊகிக்க முடிந்தது. இரண்டு வருடப் பழக்கம் நாக்கு நுனிவரை வந்தது. "தெரியல" என்றேன். அடுத்து ஏதோ ஒன்று. மூக்குக்குள் லேசாகக் குளிர்ந்தது, அவ்வளவுதான். "என்னமோ குளிருது. வாசம் இல்ல" என்றேன். அப்புறம் கொஞ்சநேரம் சத்தமே இல்லை.

"இது?"

"ஒண்ணுமில்லம்மா. எதையும் வச்சிருக்கீங்களான்னே தெரியல."

ரம்யா மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. கண்ணைத் திறந்தேன். மூக்கைத் தொடுகிற தூரத்தில் ஒரு கருவாட்டுத் துண்டு இருந்தது. பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது.

"சோறு எப்படிம்மா இறங்குது உங்களுக்கு?" என்றார் அவர்.

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அவர் கருவாட்டைத் தாளில் சுருட்டிக்கொண்டே சம்பந்தியிடம், "உக்காருங்க அண்ணே, ஏன் நிக்கிறீக? மக வீடுதானே" என்றார். பெரியகருப்பன் அன்றுதான் அந்தக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார். பழைய பீரோ என்ற பேச்சை எடுத்ததற்கு அந்த அம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. காப்பி கொடுத்தார்.

கிளம்பும்போது ரம்யா வாசல்வரை வந்தாள். மன்னித்துவிட்டதாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், அந்த எதிர்பார்ப்பும் எனக்கு இருந்தது.

"நேத்து ராத்திரி எங்கப்பா சாப்பிடல" என்றாள். "நேத்தே நீங்க இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சரக்கு போன பீரோக்களையெல்லாம் ஜமால் அண்ணனும் நாங்களும் சேர்ந்து தேடித் திரும்ப எடுத்தோம். பழைய அமீன் கிடைக்கும்வரை ரெசினை நிறுத்தி வைத்தோம். மோந்து பார்க்கும் குழுவை ஐந்து பேராக்கினார்கள். வெளியே அனுப்பும் கையெழுத்து கயல்விழிக்குப் போனது. என்னை யோசனை சொல்கிற ஆளாக வைத்துக்கொண்டார்கள். கேன்டீனில் நான் வந்தால் பேச்சு நிற்கும். "மூக்கில்லாத மேடம்" என்று ஒரு பெயர் இருந்ததும் எனக்குத் தெரியும். அதைவிட, நான் நடத்திய மூன்று பேர் வழக்கத்தை ஒரு நாடகமாக நினைத்துப் பார்க்கிறார்களே என்பதுதான் வலித்தது. நினைத்ததில் தப்பில்லை.

உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் உங்கள் உடம்பில் ஏதாவது தேய்ந்து போனால், கண்ணோ காதோ மூக்கோ கையோ, அன்றைக்கே பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நம் வேலையில் உடம்பு தேயும். அதில் கேவலம் இல்லை. மறைக்க ஆரம்பித்த பிறகு, மறைப்பதுதான் முழுநேர வேலையாகிவிடும். மற்ற எல்லா முடிவையும் அதுதான் எடுக்கும். கருவி காட்டும் எண் சரியாக இருக்கிறது என்று அது சொல்லும். ஓவன் மேல் போடு என்றும் அதுதான் சொல்லும்.

ஜமால் அண்ணன் எங்களைவிட்டுப் போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். கொஞ்ச காலம் வரவில்லை. தின்னர் பெயிண்டுக்கே திரும்பிப் போயிருந்தார். தம்பிக்கு மறுபடி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வந்தார். வந்து ஒரு நிபந்தனை போட்டார். "என் கண் முன்னாடி ஒவ்வொரு டிரம்மையும் திறக்கணும். நானே மோந்து பாப்பேன். மேடம் பக்கத்துல நிக்கணும்."

மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. நான் போய் நின்றேன். வெயிலில், ஏற்றுமிடத்தில், எல்லோரும் பார்க்க அவர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து குனிவார். நிமிர்ந்து, என்னைப் பார்த்து, என்ன வாசம் என்று சத்தமாகச் சொல்வார். "மழை பெஞ்ச சிமெண்டுத் தரை மாதிரி இருக்கு மேடம்." "இதுல லேசா சோப்பு வாசம்." முதல் சில மாதம் அதை எனக்கான தண்டனையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் சொல்லும் வார்த்தைகளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். அவர் எதற்காகச் செய்தார் என்று கடைசிவரை கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக அவர் சரக்கு எடுத்த நாள். கயல்விழி அமீனையே மிகவும் குறைத்துப் புதிதாகச் செய்திருந்த ரெசின். ஜமால் அண்ணன் மூடியைத் திறந்து குனிந்தார். வழக்கத்தைவிட நேரமெடுத்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"ஒண்ணுமே இல்ல மேடம்" என்றார். "சுத்தமா ஒண்ணுமில்ல. நல்லாருக்கு."

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்கு வேறு வழியில்லை. போனில் என்னிடம் கேட்ட அன்று, என் சொல்லை நம்புவதைத் தவிர அவருக்கும் வேறு வழி இருந்திருக்காது.